திறக்கேலாத மெசினை ஏன் எங்கட தலையில கட்டுறியள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பேப்பருக்கு எழுதிப் பழக்கமில்லை, நான் சொல்லச் சொல்ல மகள்தான் போனில அடிச்சுத் தாறாள், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன காலபோகத்துக்கு முதல் டவுனில ஒரு கடையில பற்றரியில ஓடுற மருந்தடிக்கிற மெசின் ஒண்டு வாங்கினனான், 20,000 ரூபாய்க்குக் கிட்ட முடிஞ்சுது. பொய் சொல்லக் கூடாது, நெல்லுக்கு நல்லா அடிச்சுது, கைப்பம்ப் அடிச்சு அடிச்சுத் தோள்மூட்டு விட்டுப்போன எனக்கு அது பெரிய ஆறுதல். அறுவடை முடியக் கழுவிக் கொட்டிலுக்க வைச்சிட்டன். மூண்டு மாசம் கழிச்சு மிளகாய்க்கு அடிக்க எடுத்தா பேச்சு மூச்சில்லை. வாங்கின கடைக்கே காவிக்கொண்டு போனா பெடியன் திரும்பியும் பாக்கேல்லை, "சேர்க்கிட் போட் போயிருக்கும் ஐயா, இதுக்குச் சாமான் வாறேல்லை, புதுசா ஒண்டு எடுங்கோ" எண்டான்.

எங்கட ஒழுங்கையில மோட்டசைக்கிள் திருத்துற தம்பி ஒராள் இருக்கிறார், அவரிட்டக் குடுத்தன். அடிப்பக்கம் ஒரு ஆணி இல்லை ஐயா, பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டியிருக்கு, இரும்பு அரியிற வாளால வெட்டித்தான் திறந்தவர். போட்டுக்கு ஒண்டுமேயில்லை. டாங்கியில இருந்து ஒழுகிற மருந்துத் தண்ணி நேர வந்து விழுற இடத்தில வயர் இணைப்பை வைச்சிருக்கிறாங்கள், அது பச்சை பிடிச்சு அரிச்சுப் போச்சு. மற்றது, உள்ளுக்க கிடக்கிறது 12 வோல்ற் ஈயப் பற்றரி, அதைச் சார்ஜ் இறங்கினபடி மாசக்கணக்கா விட்டா தகட்டில சல்பேற் கட்டிச் செத்துப்போகுமாம். போகத்துக்குப் போகம் மட்டும் மெசினைத் தூக்கிற கமக்காரனுக்குத்தானே இதை விக்கிறியள், சும்மா வைக்கிற காலத்திலயும் மாசம் ஒருக்காச் சார்ஜ் போடுங்கோ எண்டு தமிழில ஒரு வரி ஒட்டிவிட்டா குறைஞ்சா போவியள்? வயரை ஒரு சாண் மேல வைச்சு, அடியை நாலு ஆணியில பூட்டியிருந்தா என்ர மெசினை வாளால வெட்ட வேண்டி வந்திராது. இப்ப அந்தத் தம்பி வேற பற்றரி போட்டு, வெட்டின இடத்தை ரியூப் கட்டி இறுக்கி விட்டிருக்கிறார், பாக்க வடிவில்லை, ஆனா அடிக்குது.

நிலைபேறான உற்பத்தி எண்டு அடிக்கடி கூட்டம் வைக்கினம், பனர் கட்டினம் (அந்த பனரும் பிளாஸ்ரிக்தான்). ஊரில இருக்கிற ஆள் ஊரில இருக்கிற சாவியால திறக்க ஏலுமோ எண்டுதான் நான் பாக்கிறன். 90களில போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் வன்னிக்குள்ள பற்றரி வர விடேல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள், ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓடினனாங்கள். அந்தக் காலம் திரும்ப வரவே வேண்டாம், பெருமைக்கும் சொல்லேல்லை. ஆனா அந்த டைனமோவும் காபரேற்றரும் கழட்டிப் பூட்டக்கூடிய மாதிரிச் செய்த சாமான், அதாலதான் எங்கட பெடியளுக்குக் கை வைக்க ஏலுமா இருந்தது. உருக்கி ஒட்டின மெசினில எந்த விண்ணன் வந்து என்ன செய்யிறது?

பிரான்சில 2021 இலயே போன், ரீவி, உடுப்புத் தோய்க்கிற மெசின் எல்லாத்திலயும் திருத்துறது எவ்வளவு சுகம் எண்டு பத்துக்குப் புள்ளி போட்டுத்தான் விக்கவேணும் எண்டு கொண்டுவந்திட்டினம், மச்சான் அங்கதான் இருக்கிறார். 2027 பெப்ரவரியில இருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, சாமானுக்குள்ள கிடக்கிற சின்னப் பற்றரியை வாங்கின ஆளே கழட்டி மாத்தக்கூடிய மாதிரிச் செய்யவேணும் எண்டு சட்டம், ஏதோ கொஞ்ச விதிவிலக்குத்தான். 2022 இல மட்டும் உலகத்தில 6 கோடியே 20 லட்சம் தொன் மின்கழிவாம், அதில முறையாச் சேர்த்து மறுசுழற்சி செய்தது கால்வாசிகூட இல்லையெண்டு ஐ.நா. கணக்குச் சொல்லுது. எங்கட பங்கு பின்வளவில வேலியோட சாத்திக் கிடக்கு.

வாழ்வாதார உதவி குடுக்கிற ஆக்களிட்டையும் ஒண்டு கேக்கிறன். 2009க்குப் பிறகு தண்ணிப் பம்ப், தையல் மெசின், மருந்து மெசின் எண்டு எத்தினையோ குடுத்தியள், போட்டோவும் எடுத்தியள், நன்றி. அதில கனக்கச் சாமான் ஒரு வோசர் இல்லாமலே மூலையில கிடக்கு. இனி நூறு மெசின் வாங்கிறதெண்டா அதை முதல் ஒருக்காத் திறந்து பாருங்கோ, திறக்கேலாட்டி வாங்காதேங்கோ, வாங்கினா உதிரிச் சாமானும் சேத்து வாங்கி ஊர்ச் சங்கத்தில குடுத்து வையுங்கோ. கொம்பனிக்காரன் என்ர சொல்லைக் கேக்கமாட்டான், நூறு மெசினுக்கு ஓடர் குடுக்கிற உங்கட சொல்லைக் கேப்பான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு, ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கு. அங்க படிக்கிற பிள்ளையள் விரும்பினா என்ர மெசினைக் கொண்டுபோய்ப் பிரிச்சுப் பாக்கலாம். வெட்டின துண்டையும் எறியாமல் வைச்சிருக்கிறன். மிளகாய்க்குக் கடைசி மருந்து அடிச்சு முடியட்டும், பிறகு வாங்கோ.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரன்,
விசுவமடு.