கூட்டத்துக்குக் கூப்பிடாத கிணறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கசிவைத் தடுக்கக் கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, விவசாயிகளுக்குள் ஒருமித்த கருத்து வந்தால்தான் விடிவு என்று முடிந்திருந்தது. சரி. அந்த ஒருமித்த கருத்தை யாரை வைத்துப் பேசி, எங்கே உட்கார்ந்து உண்டாக்குவது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

எனக்குப் பெருந்துறைப் பக்கம் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசனத்துக்குப் பதிவான நிலத்தில், நாலு ஏக்கர். மகளைக் கொடுத்திருப்பது வாய்க்கால் முடிகிற கடைமடையில், அஞ்சூர்ப் பக்கம். ஆகவே இந்த வழக்கின் இரண்டு கட்சிகளும் தீபாவளிக்குத் தீபாவளி என் வீட்டிலேயே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. எழுதத் துணிந்ததற்கு அது ஒன்றே காரணம்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: பவானிசாகர் அணையிலிருந்து மங்களப்பட்டி வரைக்கும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. நாங்கள் இன்னும் மைல் கணக்கில்தான் சொல்லுவோம், 124 மைல். பாசனம் 2,07,000 ஏக்கர். கட்டிய நாளிலிருந்து பெரும்பாலும் மண் கரைதான். மண் கரை என்றால் தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீரில் கிணறு ஊறும், கீழே இருக்கிற ஓடையும் குட்டையும் நிறையும். கசிந்தது போக மிச்சம்தான் கடைமடைக்குப் போகும். எனக்கு ஊற்று என்பது சம்பந்திக்கு நஷ்டம். சண்டையின் மூலம் இவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் இது பற்றிக் கருத்துக் கேட்டார்கள். நானும் போயிருந்தேன். ஹாலில் வலது பக்கம் கான்கிரீட் வேண்டும் என்பவர்கள், இடது பக்கம் வேண்டாம் என்பவர்கள். கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இவ்வளவு தெளிவாகப் பிரிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். ஒருவர் கான்கிரீட் போட்டால் கொங்கு நாடே பாலைவனம் என்றார். அடுத்தவர் எதிர்க்கிறவன் எல்லாம் வாய்க்காலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் திருடுகிறவன் என்றார். இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். வாய்க்காலுக்குக் கீழேதான் காடு, ஆனால் ஆயக்கட்டில் சேராத நிலம். "ஏனுங்க, எங்க கெணறு வத்திப் போச்சுன்னா நாங்க யார்ட்டப் போயிக் கேக்கறதுங்க?" என்றார். மேடையிலிருந்து, "நீங்க ஆயக்கட்டுதாரரா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க." "இது ஆயக்கட்டுதாரர் கூட்டம்மா, உக்காருங்க." அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் டீ வந்தது.

எனக்கு அந்தக் கூட்டத்தில் அந்தக் கேள்வி ஒன்றுதான் கேள்வியாகப் பட்டது. கசிவுநீரை நம்பி இருப்பவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் கிடையாது. நாலு மாடும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர், தோட்டக் கூலிக்குப் போகிறவர், பஞ்சாயத்துக் கிணற்றிலிருந்து குழாயில் குடிதண்ணீர் பிடிக்கிறவர், இவர்கள் எல்லாம் வாய்க்காலின் பிள்ளைகள்தான், ரிஜிஸ்டரில்தான் பெயர் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திலும் ஆயக்கட்டு நிலக்காரருக்குத்தான் இடம். பறிகொடுக்கப் போகிறவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எடுக்கிற முடிவு எப்படி நிற்கும்? அவர்கள் நாளைக்கு வாய்க்காலில் இறங்கிப் படுத்துக்கொள்வார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் வேலையைத் தொடங்கச் சொன்ன பிறகும் பெருந்துறைப் பக்கம் உண்ணாவிரதம் நடந்ததே.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். அந்த ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயத்தண்ணீரைத்தான் தேக்கியது. வருடக்கணக்கில் பேசித் தீராமல், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒரே நாளில் எத்தனை பேருக்கு வேலை போனது! விவசாயிக்கு நியாயம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கெட்ட மண் அதனால் திரும்பி வரவில்லை.

பேசித் தீர்த்ததும் நம்மிடமே இருக்கிறது. கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்திருக்கிறோம். ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்டில் நன்செய்க்குத் தண்ணீர். மறு பாதிக்கு ஜனவரி வாக்கில் புன்செய்க்கு. அடுத்த வருடம் மாறிக்கொள்ளும். இந்த வருடம் உனக்கு நெல், எனக்குக் கடலை. பக்கத்து வயலில் நடவு நடக்கும்போது நம் வயல் காய்ந்து கிடந்தால் வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் யாரும் மதகை உடைக்கப் போவதில்லை. கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது, அடுத்த வருடம் தன் முறை என்பதும் தெரிகிறது. யாரும் யாரையும் நல்லவர் என்று நம்பத் தேவையில்லாத ஏற்பாடு அது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் பாருங்கள். வறண்ட ஏரி குளங்களுக்குப் பவானி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக, அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்த திட்டம். பவானித் தண்ணீர் என்றாலே பழைய ஆயக்கட்டுக்காரருக்குப் பக்கென்கும். கடைசியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்கும் கீழே போய், உபரியாக வருகிற 1.5 டி.எம்.சி.யை எடுப்பது என்று ஆனது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், 1,045 ஏரி குளங்களுக்கு. உன் பங்கைக் கொடு என்று கேட்டிருந்தால் இன்னும் ஐம்பது வருடம் ஆகியிருக்கும். உன் பங்கு போக மிச்சத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் பேச்சே மாறிவிட்டது. சும்மா மாறவில்லை. ஆறு இடத்தில் பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கரண்டு பில்தான் சமாதானத்தின் விலை. எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

இனி என் சம்பந்தி கதை. கூட்டத்தில் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். ஒரு வருடம் போல இந்தப் பேச்சையே எடுக்காமல் பேரனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். அப்புறம் ஒரு ஆகஸ்டில், தண்ணீர் திறந்து பத்து நாள் கழித்து, அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார். முந்தின வாரம் வரை வெளியே தெரிந்த படிகளில் ஏழு படி தண்ணீருக்குள் போயிருந்தது. மோட்டார் ஓடவில்லை, மழை ஒரு சொட்டு இல்லை. "இதெல்லாம் வாய்க்கால் ஊத்துங்களா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதம் நான் அங்கே போனேன். அவர் காட்டுக்கு வருகிற பகிர்மான வாய்க்காலில் முழங்கால் உயரத்துக்குக் கோரையும் சம்பும். நான் போன அன்று அவர் முறை. தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது, மத்தியானத்துக்குள் அதுவும் நின்றுபோனது. இடையில் மதகின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது, திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர்தான், அவருக்கு எத்தனை மைல் என்று அவருக்கே சலிப்பு. அங்கே நின்றபோது என் சம்பந்தி சொன்னார்: "எனக்குக் கான்கிரீட்டா பெருசுங்க? என்ற முறைக்கு என்ற தண்ணி வந்தாப் போதும்." நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் மண் கரை மேல் காதல் ஒன்றும் இல்லை. கிணறு ஊறினால் போதும்.

இந்த இரண்டு வாக்கியமும் மைக் முன்னால் எங்கள் இருவர் வாயிலிருந்தும் வந்திருக்காது. ஆகவே அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள், அடுத்த கூட்டத்தை ஹாலில் போடாதீர்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தலைமடைக்காரரைக் கடைமடைக்கும், கடைமடைக்காரரை எங்கள் கிணற்று மேட்டுக்கும் கூட்டிப் போங்கள். ஷட்டர், பகிர்மான வாய்க்கால், பழைய கட்டுமானம், இவற்றை மராமத்து செய்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, அதை முதலில் முடியுங்கள். எல்லை மதகுகளில் தினம் எவ்வளவு தண்ணீர் கடந்தது என்று போர்டில் எழுதிப் போடுங்கள். அதற்கு மேலும் கடைமடைக்குக் குறைந்தால், எந்த மைலில் குறைகிறது என்று பார்த்துக்கொண்டு அந்த மைலைப் பற்றி மட்டும் பேசலாம். கசிவா, திருட்டா, ஓட்டையா என்று அப்போது தெரிந்துவிடும். இதனால் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகும் என்பார்கள். போகட்டுமே. போட்ட கான்கிரீட்டைப் பெயர்க்க முடியாதே.

அந்த அம்மாவுக்கும் இடம் வேண்டும். அதற்குப் புதிதாகச் சட்டம் வேண்டாம், கிராம சபை போதும். ஊரில் ஓட்டு உள்ள எல்லோருக்கும் அங்கே வாய் உண்டு. வேடிக்கை என்னவென்றால், வழக்கமாக வாய்க்காலில் தண்ணீர் திறப்பதும் ஆகஸ்ட் 15, கிராம சபை கூடுவதும் ஆகஸ்ட் 15. எங்கள் ஊர்ச் சபையில் தெருவிளக்கு, சாக்கடை, நூறு நாள் வேலை எல்லாம் வருகிறது. வாய்க்கால் மட்டும் இதுவரை வரவில்லை. இந்தத் தடவை எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அனுப்புமுன் இதைச் சம்பந்திக்குப் படித்துக் காட்டினேன். "உங்க கெணத்தப் பத்தியே எழுதியிருக்கீங்க, எங்க மதகப் பத்திக் கொறச்சலாப் போச்சுங்க" என்றார். சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர் சொன்னது: அவர்கள் மதகுப் பக்கம் இருக்கிற அளவுக் கல்லில் எண்கள் அழிந்து வெகுநாளாகிறதாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதற்கு யாராவது பெயிண்ட் அடிக்கட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.