பாரிசுக்கு முன்பே ஒரு துறைமுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்நிய நகரில் வாழ்ந்த எழுத்தாளர்களைப் பற்றிய உங்கள் தொடரை விடாமல் படித்துவருகிறேன். பாரிசில் ஹெமிங்வே குடியிருந்த தெருவும் சில்வியா பீச்சின் புத்தகக் கடையும் சுவையாகவே வந்திருந்தன. ஆனால் அயர்லாந்து நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸைப் பாரிஸ் உருவாக்கியது என்று சென்ற இதழில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அவருடைய ‘யுலிசஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ட்ரியெஸ்ட், ஜூரிக், பாரிஸ், 1914-1921 என்று எழுதிய ஊர்களையும் ஆண்டுகளையும் அவரே போட்டிருக்கிறார். பாரிசுக்கு அதில் மூன்றாவது இடம்.

1920இல் பாரிசில் வந்து இறங்கியபோது ஜாய்ஸுக்கு 38 வயது. ‘டப்ளினர்ஸ்’ சிறுகதைத் தொகுப்பும் முதல் நாவலும் அதற்குள் வெளியாகியிருந்தன. அவற்றின் பெரும்பகுதி எழுதப்பட்ட ஊர், அன்று ஆஸ்திரியப் பேரரசின் முக்கியத் துறைமுகமாக இருந்து, இன்று இத்தாலியில் இருக்கும் ட்ரியெஸ்ட். பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க 1905இல் அங்கே போனவர், நடுவில் சில மாதங்கள் ரோமில் வங்கி குமாஸ்தாவாக இருந்ததையும் சொந்த ஊரான டப்ளினுக்குப் போய்வந்ததையும் தவிர, 1915 வரை அங்கேயேதான் காலம் தள்ளினார். மகனும் மகளும் பிறந்தது அங்கே. பாரிசுக்குக் குடிபோன பிறகும் வீட்டுக்குள் பேச்சு ட்ரியெஸ்ட் வட்டார வழக்கில்தான்.

அந்த ஊரில் அவரிடம் ஆங்கிலம் கற்க வந்தவர்களில் ஒருவர் எத்தோரே ஷ்மிட்ஸ். மாமனார் வீட்டுப் பெயிண்ட் கம்பெனியைக் கவனித்துக்கொண்டிருந்த யூதர். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட். இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் இரண்டு நாவல்கள் எழுதி, யாரும் சீந்தாததால் ஒதுங்கிவிட்டவர். அவற்றைப் படித்துவிட்டு, நீங்கள் நல்ல எழுத்தாளர் என்று சொன்னவர் ஜாய்ஸ். ‘யுலிசஸ்’ நாயகன் ப்ளூமின் யூதப் பின்னணிக்கு ஷ்மிட்ஸிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. 1921இல் பாரிசிலிருந்து ஜாய்ஸ் அவருக்கு ஒரு கடிதம் போட்டார்: ட்ரியெஸ்டில் விட்டுவந்த கைப்பை ஒன்றில் குறிப்புகள் இருக்கின்றன, வரும்போது எடுத்துவாருங்கள் என்று. நாவலை முடிக்க அந்தக் குறிப்புகள் வேண்டியிருந்தன. பையை ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருப்பதுவரை அடையாளம் எழுதியிருந்தார்!

எனக்கு இதில் மனம் ஒட்டிக்கொண்டது ஜாய்ஸின் தம்பி ஸ்டானிஸ்லாஸிடம். அண்ணன் அழைத்தார் என்று 1905இல் வந்து, அதே பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து, சம்பளத்தை அண்ணன் குடும்பத்துக்கே கொட்டிக்கொடுத்தவர். இரவில் மதுக்கடைகளில் தேடி அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு. முதல் உலகப் போர் வந்ததும் ஆஸ்திரிய அரசு அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. போர் முடியும்வரை விடவில்லை. அண்ணன் பாரிசுக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றார். தம்பி ட்ரியெஸ்டிலேயே ஆசிரியராக இருந்து 1955இல் இறந்தார். தேதி ஜூன் 16. ‘யுலிசஸ்’ நாவலின் கதை நிகழும் அதே நாள். உலகமெங்கும் ஜாய்ஸ் ரசிகர்கள் கொண்டாடும் நாள்.

பாரிஸ் மோகம் புரிகிறது. புகழ் வந்த பிறகு எழுத்தாளன் உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். கடன்காரனுக்குப் பயந்து வீடு மாறிக்கொண்டிருந்த ஊரில் அவ்வளவு கவர்ச்சி இராது. ட்ரியெஸ்டிலும் 2004 முதல் கால்வாய்ப் பாலத்தின்மேல் ஜாய்ஸுக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. தொப்பி வைத்து, நடந்துபோகிற கோலத்தில்.

தொடர் இன்னும் நீளுமானால் ஒரு வாரத்தை அந்த ஊருக்கு ஒதுக்குங்கள். தம்பியின் படம் கிடைத்தால் அதையும் போடுங்கள். ஜாய்ஸ் படம் ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி