நான்காவது கிளிப்பை எங்கே மாட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பேட்டரி டவுன் ஆன காரை இன்னொரு காரை வைத்துக் கிளப்ப, ‘பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ்’ என்ற வாய்ப்பாட்டைத்தான் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜம்பர் கேபிளின் நான்கு கிளிப்புகளில் மூன்றுக்கு அது சரி. கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து வருவது நான்காவதில்.

இரண்டு வண்டியும் ஆஃபில் இருக்க, முதல் சிவப்பு கிளிப் டவுன் ஆன பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். மிஞ்சும் கறுப்பை டவுன் ஆன பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டு ஒரு முழமாவது தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியைக் கடிக்கவிட வேண்டும். மின்சுற்று முழுமையாகும் அந்தக் கடைசித் தொடுகையில் பொறி பறக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜனோ காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். வெடித்தால் முகத்தில் தெறிப்பது கந்தக அமிலம். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ். இன்ஜினைக் கடித்த கறுப்புதான் முதலில் வரும்.

விரிசல் விட்ட, உப்பிய, கசியும் பேட்டரிக்கு இந்த வைத்தியமே கூடாது. 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் காருக்கு மின்சாரம் எடுத்தால் காரின் எலக்ட்ரானிக்ஸ் காலி.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டீசல் இன்னும் அதிகம். விரல் பருமன் உறைக்குள் நூல் போல ஓடும் கம்பி சூடாகி உருகுமே தவிர வண்டியைக் கிளப்பாது. பெட்ரோலுக்கு 16, டீசலுக்கு 25 சதுர மி.மீ. செம்புக் கம்பியாவது வேண்டும்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு மற்றதில் சாவி போடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள். ‘டிக்டிக்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை என்று பொருள். டெர்மினலில் (பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில்) பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு, கிளிப்பை அசைத்து அழுத்துங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் கோளாறு பேட்டரியில் இல்லை. எரிபொருள் பக்கம் பாருங்கள்.

கிளம்பியதும் சிலர் ‘ஆல்டர்னேட்டர் (ஓடும் இன்ஜினிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலையே கழற்றுகிறார்கள். மின்னழுத்தம் எகிறி இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் போய்விடும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் போதும்: ஓடும் வண்டியின் பேட்டரியில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். அரை மணி நேர ஓட்டத்தில் பேட்டரி நிரம்பிவிடாது. சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் நிற்க வேண்டும். 12.4-ஐக்கூடத் தொடாவிட்டால் புதிது வாங்கும் நேரம்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்