மனு எழுதியவர்கள் அவ்வளவு இளப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுதந்திர தின இணைப்பில், காந்தி வரும்வரை நம்மவர்கள் வெள்ளைக்காரனுக்கு மனு எழுதிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி. எழுதியவர் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் மேசையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்?

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது தாங்கள் அறியாததல்ல. அன்றைக்கு வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கிட்டி என்ற மர இடுக்கியில் வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிற்க வைத்தார்கள். அந்த மனுவின் தொடர்ச்சியாகத்தான் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வந்து, 1855இல் அறிக்கையும் வெளியானது. கும்பிடுகிறவன் இதையெல்லாமா எழுதுவான்?

1885 பம்பாய் காங்கிரசில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். சுதேசமித்திரன் நடத்தியவர், உங்கள் தொழில்காரர்தான் ஐயா.

நானும் மனு போட்டவன். பட்டா பெயர் மாற்றத்துக்காகத் திங்கள்கிழமைதோறும் வரிசையில் நின்றிருக்கிறேன். ஆதார் ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று, கடைசியில் ஒரு ஒப்புகைச் சீட்டு. சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பட்டா இன்னும் செத்துப்போன அத்தை பெயரில்தான். ஓட்டுப் போடுகிற எனக்கே இந்த மரியாதை. ஓட்டே இல்லாத காலத்தில், கலெக்டரே வெள்ளைக்காரராக இருக்கும்போது, அவர்மேலேயே புகார் எழுதிக் கையெழுத்துப் போட என்ன துணிச்சல் வேண்டும்!

சரி, அதை விடுங்கள். ஜூலை 10 வந்தால் அதே வேலூர்க் கோட்டைப் படம், அதே நாலு வரி. 1806 சிப்பாய்ப் புரட்சியைப் போற்ற வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்குப் பிறகும் இந்த மண்ணில் மனிதர்கள் இருந்தார்கள். சென்னை மகாஜன சபையை 1884இல் தொடங்கியவர்களில் ஒருவர், 1891 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர், பி. அனந்தாசார்லு. சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சிக்காரர். 1911 வரை நம் வேலூர் இருந்த வட ஆற்காட்டு மாவட்டத்துக்குச் சித்தூர்தானே தலைநகர்! இதைப் பற்றி முன்பே எழுதினேன்; நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவில் இடம் கிடைக்கவில்லை போலும்.

அடுத்த இணைப்பிலாவது அவர் படத்தை ஒரு ஓரத்தில், தபால்தலை அளவில் போட்டால் போதும். பெயரை மட்டும் ஆனந்த் சார்லஸ் என்று அச்சடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், காட்பாடி