அம்மா பிறந்த மலைக்குப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டித்வா புயலுக்குப் பிறகு இலங்கைக்குப் போகலாமா என்று கேட்ட வாசகருக்கு, 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

என் அம்மா இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் இரு நாடுகளும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970-களில் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பம். பிறந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டிசம்பர் கடைசிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். 2025 நவம்பர் 28-ல் புயல் கரை கடந்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையகத்தில்தான் மண்சரிவு மிக மோசம். டிக்கெட்டை ரத்து செய்தோம். அது சரியான முடிவுதான்.

2009 நவம்பரில் இங்கே நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே வேடிக்கை பார்க்கக் காரில் வந்தார்கள். ஒரு வீட்டில் சுவர் முழுக்கப் போய், சாமி படம் மாட்டிய மூலை மட்டும் நின்றது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜேசிபி வர வழியில்லாமல் ஓரமாக நின்றது. அதைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு ஆளாக ஹட்டனில் போய் இறங்க மாட்டேன்.

ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாதை திறந்த பிறகும் ஆள் வரவில்லை. 'நீலகிரி முழுக்கச் சரிந்துவிட்டது' என்றே வெளியில் பேச்சு. குன்னூரில் என் கடையில் சுட்ட வர்க்கி தட்டு தட்டாகத் தேங்கியது. இரண்டு பையன்களை வேலையிலிருந்து நிறுத்தினேன். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் நாட்டுக்கே ஒரு பதில் சொல்லாதீர்கள். எந்த ஊர், எந்தப் பாதை, எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். தெற்கே காலி (Galle) ஊர்க் கடற்கரையும் பதுளைச் சரிவும் ஒன்றல்ல. மலைப்பக்கம் என்றால் மழை விட்டாலும் நம்பக்கூடாது. மண் ஊறிக் கிடக்கும்போது அடுத்த சிறு மழையே போதும். அங்கே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் ஊரையே காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் சித்தி மகனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "ஹயரே (சவாரியே) இல்லண்ணே. பெரியம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பாதை நான் பார்த்துச் சொல்றேன்" என்றான்.

பிப்ரவரிக்கு மறுபடி டிக்கெட் எடுத்துவிட்டோம். ரயில் பாதை பல இடங்களில் சேதமானதால் அம்மா ரயில் ஆசையை விட்டுவிட்டார். அவன் ஆட்டோவில்தான் சுற்றப் போகிறோம். லயம் இருக்கிறதா என்று மட்டும் அவனிடம் இன்னும் கேட்கவில்லை. அம்மாவே நேரில் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வர்க்கிக் கடைக்காரர்,
குன்னூர்.