“வேகும் வரை” என்றால் எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகைகளின் சமையல் பக்கங்களில் மாட்டிறைச்சிக் கறி பற்றி எழுதுவோர் “இறைச்சி வேகும் வரை அடுப்பில் வைக்கவும்” என்ற ஒரு வரியோடு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். எந்தப் பகுதி இறைச்சி, எத்தனை மணி நேரம் என்ற விபரம் வருவது அபூர்வம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய கிழமைகளில் சம்மாந்துறையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் கேட்கும் “இறைச்சி றப்பர் மாதிரிக் கிடக்கு” என்ற முறைப்பாட்டுக்குப் பாதிக் காரணம் அந்த வரிதான் என்பது என் எண்ணம்.

குர்பான் பங்காக, அதாவது பெருநாளில் அறுத்துப் பகிரும் இறைச்சியாக, வரும் பையில் தொடை, கழுத்து, கெண்டைக்கால், நெஞ்செலும்பு எல்லாம் கலந்தே இருக்கும். வட்டையில் (வயல்வெளியில்) மேய்ந்து நடந்த மாட்டின் காலிலும் கழுத்திலும் சவ்வு அதிகம். வயது ஏற ஏற அந்தச் சவ்விலுள்ள கொலாஜன் என்னும் புரதம் மேலும் இறுகிப் பிணைந்துகொள்கிறது. இறைச்சியின் உட்சூடு ஏறத்தாழ 70 பாகை செல்சியஸைத் தாண்டி, அந்நிலையில் மணிக்கணக்காக நின்றால்தான் அது கரைந்து ஜெலற்றினாக மாறும். அதற்கு முன்னரே தசைநார் சுருங்கி நீரை வெளிவிடுவதால், முதல் ஒரு மணி நேரத்தில் இறைச்சி முன்னிலும் கடினமாகவே தோன்றும். பலர் அவ்விடத்தில்தான் பொறுமையிழந்து தீயைக் கூட்டுகிறார்கள். திறந்த சட்டியில் கொதிக்கும் நீரின் சூடு 100 பாகைதான்; தீயைக் கூட்டினால் நீர் வற்றுமே தவிர, சவ்வு விரைவாகக் கரையாது.

கடந்த பெருநாளில் ஒரு கிலோ கெண்டைக்கால் இறைச்சியை மண்சட்டியில் மூடி, சிறு தீயில், மணிக்கூட்டைப் பார்த்தே ஆக்கினேன். ஒரு மணி நேரத்தில் முள்ளுக்கரண்டி துண்டின் மேல் வழுக்கியது. இரண்டு மணி நேரத்தில் உள்ளே இறங்கினாலும் துண்டையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. மூன்று மணி நேரம் நெருங்கியபோது கரண்டியின் விளிம்பாலேயே துண்டு பிளந்தது. தேங்காய்ப்பாலை அதன் பிறகுதான் விட்டேன். பிரிட்ஜில் வைத்த மீதிக் கறி, கரைந்திருந்த ஜெலற்றினால் மறுநாள் காலையில் களிபோல் உறைந்து, சட்டியைச் சரித்தும் அசையவில்லை. சூடாக்கிப் புட்டோடு உண்டபோது முதல்நாளைவிட ருசியாக இருந்தது. அழுத்தச் சட்டி வைத்திருப்போருக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. அதனுள் சூடு ஏறத்தாழ 120 பாகை வரை செல்வதால் முக்கால் மணி நேரமளவில் காரியம் முடிந்துவிடும்.

குளிரூட்டியிலும் ஒரு தவறு நடக்கிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்கிறது. அந்த விறைப்புத் தளர ஓரிரு நாட்கள் செல்லும். விறைப்பதற்கு முன்பே, பையில் இளஞ்சூடு இருக்கும்போதே உறைநிலைப் பெட்டியில் திணித்த இறைச்சி, பின்பு உருகும்போது கடுமையாகச் சுருங்கி நீரை இழந்துவிடும். அப்படிச் செய்யாமல், சிறு பொதிகளாக்கி 4 பாகைக்கு மேற்படாத பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாளாவது வைத்து, பிறகு உறையவைப்பதே நல்லது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லி நம்பவைக்க எனக்கு இரண்டு பெருநாட்கள் தேவைப்பட்டன.

பப்பாசிக்காய் உதவும் என்பது மெய்தான். ஆயினும் அது துண்டின் மேற்புறத்தையே முதலில் தாக்குகிறது. அதிக நேரம் ஊறினால் வெளிப்புறம் குழைந்து உட்புறம் அப்படியே இருக்கும். கறி கொதித்ததும் அதன் வேலை முடிந்துவிடும். பரசிற்றமோல் குளிசை போட்டால் விரைவில் வெந்துவிடும் என்று சென்ற வருடம் ஒருவர் எனக்கு மிகுந்த நம்பிக்கையோடு புத்தி சொன்னார். அளவு மீறினால் ஈரலைப் பழுதாக்கும் மருந்தைச் சட்டியில் போட்டு, அதைப் பிள்ளைகளுக்கும் பரிமாறுவது எந்த வகையிலும் தகாது.

ஆகவே, அடுத்த பெருநாளுக்கு முன்னர் தங்கள் பத்திரிகை இறைச்சிக் கறிக் குறிப்பு எதனை வெளியிட்டாலும், பகுதியின் பெயரையும் சட்டியின் வகையையும் மணிக்கணக்கையும் சேர்த்தே அச்சிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
சம்மாந்துறை.