முதலாம் பாகத்தை விட்டுவையுங்கள்

வீடியோ கேம்களைத் தயாரித்து வெளியிடும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பாகம் வருகிறது என்று நீங்கள் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், கொழும்பில் அந்தக் கேமை விளையாடுகிறவர்கள் முதலில் கேட்பது "எப்ப வருது?" என்றல்ல; "பழசை என்ன செய்யப்போறாங்கள்?" என்றுதான். அந்தப் பயத்தை உண்டாக்கியது நீங்கள்.

2022 ஒக்டோபரில் ஓவர்வொட்ச் 2 வந்தது. 2016 முதல் காசுக்கு விற்ற முதலாவது கேமில் ஆட்களை இணையத்தில் இணைக்கும் சேர்வர்கள் அதற்கு முதல்நாளே மூடப்பட்டன. இரண்டாம் பாகத்துக்குக் காரணமாகக் காட்டிய, கணினி எதிரிகளோடு மோதும் ஹீரோ மோட், 2023 மே மாதம் கைவிடப்பட்டது. அப்படியென்றால் முதலாவதை மூடியது எதற்காக?

2023 செப்டெம்பரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்த விதம் இன்னும் மோசம். அது அதே தொடரின் பழைய கேமான குளோபல் ஒஃபென்சிவ்வின் மேலேயே, அதற்குப் பதிலாக வந்து இறங்கியது. பழையதற்கு 2 ஜிபி ரெம், டைரக்ட்எக்ஸ் 9 (கேமின் படங்களை வரைய விண்டோஸ் தரும் மென்பொருள்), 15 ஜிபி இடம் போதும். புதியதற்கு 8 ஜிபி ரெம், டைரக்ட்எக்ஸ் 11, 85 ஜிபி இடம் வேண்டும். இங்கே பலரிடம் இருப்பது பாவித்த கணினி. அதில் ஜிபோர்ஸ் 210 போன்ற பழைய கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கதை அத்தோடு முடிந்தது. அது டைரக்ட்எக்ஸ் 10.1க்கு மேல் போகாது. ரெம் கூட்டினாலும் டிரைவர் மாற்றினாலும் பயனில்லை. கார்ட் சரியாக இருந்தாலும், 120 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 111 என்றுதான் காட்டும். விண்டோஸும் அதன் அப்டேட்களும் முப்பது வரை எடுத்தால் மிச்சம் 81. கேமுக்கோ 85. அப்டேட் வரும்போது மாறிய கோப்புகளை, கேமை இறக்கித்தரும் ஸ்டீம் செயலி முதலில் பக்கத்தில் புதிதாகக் கட்டிவிட்டே மாற்றுவதால், அதற்கும் தனியாக இடம் தேவை. 10 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு 4.5 ஜிபிதான் இறங்கும். இரவுநேர டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இது எத்தனை இரவு?

ஸ்டீமில் கேமின் பெயரில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போய், லெகசி என்ற பழைய பதிப்பைத் தெரிவுசெய்யலாம் என்று ஒரு வழி விட்டிருந்தீர்கள், உண்மை. ஆனால் அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1உடன் முடிந்தது. கணினியே ஆட்டுவிக்கும் பொட்களோடு விளையாடலாம், உங்கள் சேர்வரில் மட்ச் கிடைக்காது. மட்ச்சுக்காகவே விளையாடப்படும் கேம் அது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2006இல் வந்த ஈஏ கிரிக்கெட் 07க்குப் பிறகு அந்தத் தொடரில் அடுத்த பாகமே இல்லை. அதனால்தான் அது பிழைத்தது. ரசிகர்கள் செய்த ரோஸ்டர் என்ற அணிப்பட்டியல் கோப்பை டொக்கியூமண்ட்ஸுக்குள் உள்ள கேமின் ஃபோல்டரில் போட்டு, கேமுக்குள் லோட் செய்தால் புதிய அணி வந்துவிடும். உடைகளும் மட்டைகளும் தனிக் கோப்புகள். மாற்றுமுன் கேம் ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்துவைத்தால் போதும். எந்தச் சேர்வரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாராலும் மூட முடியாததால் அது இன்னும் ஓடுகிறது.

அடுத்த பாகமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2ம் இரண்டாம் பாகம்தான். அதை இன்றும் கொண்டாடுகிறோம். புதியதைப் பக்கத்தில் வையுங்கள், பழையதன் மேல் வைக்காதீர்கள். புதுவீடு கட்டக் காணி இருக்கும்போது, ஆட்கள் குடியிருக்கும் வீட்டையா இடிப்பது? விற்கும்போது "வாங்குங்கள்" என்கிறீர்கள்; மூடும்போது அது வெறும் அனுமதிதான் என்கிறீர்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பது நியாயமில்லை.

ஆகவே தயவுடன் கேட்கிறோம். முதலாம் பாகத்தை அப்படியே விட்டுவையுங்கள். சேர்வர் செலவு தாங்காதென்றால், மூடுமுன், ஒரே இடத்துக் கணினிகளை இணைத்து விளையாடும் லேன் வசதியுடன் கடைசிப் பதிப்பொன்றையும், நாங்களே நடத்தக்கூடிய சேர்வர் மென்பொருளையும் தந்துவிடுங்கள். அடுத்த அறிவிப்பில், வெளியீட்டுத் திகதிக்குப் பக்கத்திலேயே, பழைய கேமுக்கு என்ன நடக்கும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து, உங்கள் பழைய கேம்களை இன்னும் விளையாடுகிறவர்கள்